மெல்லத் தரையிறங்குதல்: பிறந்த வீடும் புகுந்த வீடும்

சில சொற்கள் ஒரு துறையில் பிறந்து வேறொரு துறையில் வாழ்க்கைப்படுகின்றன. புகுந்த வீட்டில் நெடுநாள் இருந்தபின் பிறந்த வீட்டின் பழக்கங்கள் மறந்துபோவது இயல்பே. ஆனால் பிறந்த வீட்டின் நற்பெயர் மட்டும் கூடவே வந்து, புகுந்த வீட்டின் குறைகளை மூடிமறைக்கத் தொடங்குமானால், அச்சொல்லை நிறுத்தி விசாரிக்க வேண்டியதாகிறது. ஆங்கிலத்தில் ‘சாஃப்ட் லேண்டிங்’ என்று வழங்கும் சொல் அத்தகையது. விண்வெளிப் பயணத்தின் போட்டிக் காலத்தில் உலகமெங்கும் பழகிய இச்சொல் 1970களில் பொருளியலாரின் பேச்சுக்குள் நுழைந்து, இன்று அங்கேயே நிலையாகக் குடியிருக்கிறது.

2023 ஆகஸ்ட் 23 மாலை 6 மணி 4 நிமிடத்துக்குச் சந்திரயான்-3இன் விக்ரம் தரையிறங்கு கலம் நிலவின் தென்துருவத்தை அடுத்த பகுதியில் இறங்கியது. மறுநாள் நாளேடுகளின் முதற்பக்கங்களை இச்சொல் நிறைத்தது. இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 25 அன்று, அமெரிக்காவின் ஜாக்சன் ஹோலில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் ஃபெடரல் ரிசர்வ் தலைவர் ஜெரோம் பவல் உரையாற்றினார். அவ்வுரையை ஒட்டி, அமெரிக்கப் பொருளாதாரம் மெல்லத் தரையிறங்குமா என்று வணிகப் பக்கங்களில் விவாதம் நடந்தது. ஒரே வாரத்தில் ஒரே நாளேட்டின் முதற்பக்கத்திலும் வணிகப் பக்கத்திலும் ஒரே சொல்.

அவ்விரு பக்கங்களிலும் அச்சொல் சுட்டிய மென்மை ஒன்றுதானா? அன்று என்பதே என் கருத்து. விண்வெளியில் மென்மை, மிகக் கடுமையாக அடிவாங்கும் காலில் அளக்கப்படுகிறது. பொருளியலில் அது எல்லாக் கால்களின் சராசரியில் அளக்கப்படுகிறது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் கொண்டால் பல செய்திகளின் பொருள் மாறித் தோன்றும்.

*

முதலில் நம் மொழியின் பக்கமாகச் சிறிது பார்ப்போம். தமிழில் இதற்கு இன்னும் நிலைத்த சொல் அமையவில்லை. ‘மென்தரையிறக்கம்’ என்று எழுதுவோர் உண்டு. ‘மெதுவான தரையிறக்கம்’ என்போரும் உண்டு. எனக்கு ‘மெல்லத் தரையிறங்குதல்’ என்பதே உகந்ததாகத் தோன்றுகிறது. காரணம், ‘மெல்ல’ என்னும் சொல்லில் வேகக் குறைவும் இருக்கிறது, வன்மையின்மையும் இருக்கிறது. நிலவில் இறங்கும் கலத்துக்கு இவை இரண்டும் ஒன்றே. தரையைத் தொடும் கணத்தில் வேகம் குறைந்திருந்தால்தான் அடி மென்மையாக விழும்.

‘மெல்’ என்னும் அடியிலிருந்து கிளைத்த சொற்களை அடுக்கிப் பார்த்தால் வேறொன்றும் புலப்படும். மென்மை, மெல்லினம், மெல்லியலார் ஒரு பக்கம். மெலிதல், மெலிவு, மெலியார் மறுபக்கம். மென்மையும் நலிவும் தமிழில் ஒரே வேரிலிருந்து வருகின்றன. திருக்குறளின் அருளுடைமை அதிகாரம் வலியாரையும் மெலியாரையும் எதிரெதிரே நிறுத்திப் பேசுகிறது. ஆங்கிலச் சொல்லில் காதுக்கு எட்டாத ஒரு கேள்வியைத் தமிழ்ச் சொல் தானாகவே எழுப்பிவிடுகிறது: இந்த மென்மையில் மெலியாரின் நிலை என்ன?

கல்லூரி விடைத்தாள்களில் றகர ரகரம் மயங்கி ‘தரையிரக்கம்’ என்று எழுதப்பட்டிருப்பதை அவ்வப்போது காண்பதுண்டு. சிவப்பு மையால் திருத்தத்தான் வேண்டும். இறக்கம் வேறு, இரக்கம் வேறு. ஆயினும் பொருளியல் பக்கங்களைப் படிக்கையில் அந்தப் பிழை சுட்டும் பொருளும் அங்கே இருந்திருக்கலாமே என்று தோன்றாமல் இல்லை.

*

இனிப் பிறந்த வீட்டின் செய்தி.

1959 செப்டம்பரில் சோவியத் ஒன்றியத்தின் லூனா-2 நிலவைச் சென்று தொட்டது. தொட்டது என்பது மரியாதைக்காகச் சொல்வது, மோதிச் சிதறியது. அமெரிக்காவின் ரேஞ்சர்-7, 1964 ஜூலையில் மோதும் கணம்வரை நான்காயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை அனுப்பிவிட்டு அழிந்தது. அன்று அதுவே வெற்றி. நிலவை அடைவது எளிது, அங்கே எஞ்சியிருப்பதுதான் அரிது என்பதைப் பொறியாளர்கள் விரைவில் உணர்ந்தனர். நிலவில் காற்று மண்டலம் இல்லை. ஆகவே பாராசூட் உதவாது. வேகம் முழுவதையும் எரிபொருளை எரித்தே கரைக்க வேண்டும்.

இறங்க வேண்டிய தரையைப் பற்றியும் உறுதியான அறிவு அப்போது இல்லை. நிலவின் சமவெளிகள் ஆழமான புழுதியால் நிரம்பியிருக்கக்கூடும் என்று வானியலாளர் தாமஸ் கோல்ட் 1955இல் ஒரு கருத்தை முன்வைத்தார். அது மெய்யானால் எவ்வளவு மெல்ல இறங்கினாலும் கலம் புதைந்துபோகும். 1965இல் மட்டும் லூனா வரிசையில் நான்கு கலங்கள் இறங்கும் முயற்சியில் தோற்றன. 1966 பிப்ரவரி 3 அன்று லூனா-9 புயற்பெருங்கடல் எனப்படும் சமவெளியில் இறங்கி நிலைத்தது. அது புதையவில்லை. அவ்வாண்டு ஜூன் 2 அன்று அமெரிக்காவின் சர்வேயர்-1 கால்களை ஊன்றி நின்றது. தரை தாங்கும் என்று தெரிந்தது.

லூனா-9 அனுப்பிய படங்களைச் சோவியத் அறிவிப்புக்கு முன்னரே இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் வானொலித் தொலைநோக்கி வாங்கிவிட்டது. ஒரு நாளேட்டு அலுவலகத்திலிருந்து வரவழைத்த தொலைநகல் கருவியைக் கொண்டு அக்குறிகைகளைப் படமாக மாற்றினார்கள். படமும் நாளேட்டில் வந்துவிட்டது. இறங்கியது உண்மையா பொய்யா என்பதை இறக்கியவர் சொல்லித்தான் அறிய வேண்டும் என்றில்லை. எதிர் அணியில் இருப்பவரும் காதை வைத்துக் கேட்டு அறிந்துகொள்ளலாம். பிறந்த வீட்டில் இச்சொல் ஈட்டிய நற்பெயருக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மற்றொரு காரணம் தோல்வியை அவர்கள் கையாண்ட விதம். 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2இன் விக்ரம் தரையில் மோதியது. இறங்கும் பாதையின் இரண்டாம் பகுதியில் வேகக் குறைப்பு வடிவமைத்த அளவிலிருந்து விலகியது என்று நாடாளுமன்றத்தில் விளக்கம் தரப்பட்டது. அடுத்த கலத்தில் நேர்ந்த மாற்றங்கள் கவனத்துக்குரியவை. இறங்குமிடத்தின் எல்லை அரைக் கிலோமீட்டர் சதுரத்திலிருந்து 4 கிலோமீட்டர் நீளமும் சுமார் இரண்டரைக் கிலோமீட்டர் அகலமும் கொண்டதாக விரிக்கப்பட்டது. ஐந்து எந்திரங்களில் நடுவிலிருந்த ஒன்று நீக்கப்பட்டது. நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் தரையைத் தொட்டாலும் தாங்கும் என்றிருந்த கால்கள் நொடிக்கு 3 மீட்டரைத் தாங்குமாறு வலுப்படுத்தப்பட்டன. நொடிக்கு 3 மீட்டர் என்பது பூமியில் நம் வீட்டுத் திண்ணையிலிருந்து, அதாவது அரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரத்திலிருந்து, கீழே குதிக்கும்போது காலில் உணரும் வேகம். எவையெல்லாம் சரியாக நடந்தால் வெற்றி கிட்டும் என்று கேட்பதை விட்டு, எவையெல்லாம் தவறினாலும் கலம் பிழைக்கும் என்று கேட்டு வடிவமைத்ததாக இஸ்ரோவின் தலைவராயிருந்த சோமநாத் விளக்கினார்.

இறங்குவதற்கு முன் ஒத்திகையும் உண்டு. நிலவின் மேட்டுநில மண்ணை ஒத்த அனார்த்தசைட் என்னும் பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடைக்கிறது. அதைப் பொடித்து உருவாக்கிய மண்ணைப் பரப்பி, கலமும் ஊர்தியும் அதன்மேல் எப்படி நடந்துகொள்கின்றன என்று சோதித்துப் பார்த்தார்கள். நிலவில் நேரக்கூடியதை மண்ணிலேயே முன்கூட்டி நேரவிட்டுப் பார்ப்பது அவர்களின் முறை.

கடைசியாகக் கால்களைப் பற்றி. அப்பல்லோ கலங்களின் கால்களுக்குள் தேன்கூட்டு வடிவில் அமைந்த அலுமினியம் பொதியப்பட்டிருந்தது. கால் தரையில் ஊன்றும்போது அந்த அலுமினியம் நசுங்கும். நசுங்குவதற்கென்றே வைக்கப்பட்டது அது. உள்ளே நிற்கும் மனிதருக்கு அதிர்ச்சி குறைவாகத் தெரிவதற்குக் காரணம் அதிர்ச்சி இல்லாமற்போனது என்பதன்று. அதை வேறொன்று தன்மேல் வாங்கிக்கொண்டது என்பதே. மென்மைக்கு எங்கோ ஒரு நசுங்கல் விலையாகிறது. பொறியாளர் அதை முன்பே கணக்கிட்டு, நசுங்க வேண்டிய பொருளையும் தாமே செய்து வைக்கிறார்.

*

புகுந்த வீட்டில் இச்சொல்லின் பொருள் இது: விலைவாசி வேகமாக ஏறும்போது நடுவண் வங்கி வட்டியை உயர்த்துகிறது. கடன் வாங்குவது குறைகிறது, செலவு குறைகிறது, விலையேற்றம் தணிகிறது. அளவுக்கு மேல் போனால் தொழில்கள் முடங்கி வேலையிழப்பு பெருகும். அவ்வாறு முடங்காமல் விலையேற்றத்தை மட்டும் தணித்துவிட்டால் அது மெல்லத் தரையிறங்குதல். முடங்கிப்போனால் வன்மையான தரையிறக்கம்.

உவமையைக் கொஞ்சம் அழுத்திப் பார்த்தால் அது விட்டுக்கொடுக்கிறது. விண்கலத்துக்கு இறங்குவது பயணத்தின் முடிவு; கால் ஊன்றியதும் எந்திரம் அணைக்கப்படும். பொருளாதாரத்தில் எந்திரம் அணைந்தால் அதன் பெயரே நெருக்கடி. 2023இன் தொடக்கத்தில் சில ஆய்வாளர்கள் ‘தரையிறங்காமை’ என்றொரு வகையையும் சேர்த்துக்கொண்டார்கள்: வளர்ச்சி தணியாது, விலையேற்றமும் முழுதாகத் தணியாது. இறங்காமல் இருப்பதையும் இறங்கும் வகைகளுள் ஒன்றாக எண்ண வேண்டிவந்தது.

உயரத்தையும் வேகத்தையும் குழப்பிக்கொள்வது மற்றொன்று. விலையேற்ற விழுக்காடு என்பது வேகம். விலையின் அளவு என்பது உயரம். அமெரிக்காவில் 2022 ஜூனில் 9.1 விழுக்காடாக இருந்த ஆண்டு விலையேற்றம் 2024இன் இறுதியில் 3 விழுக்காட்டுக்கு அருகே வந்தது. வேகம் தணிந்தது உண்மை. ஆனால் விலைகள் தரைக்கு வரவில்லை. 2021இன் தொடக்கத்தோடு ஒப்பிட, 2024 முடிவில் நுகர்வோர் விலைகள் சுமார் 20 விழுக்காடு உயரத்திலேயே நின்றன. கடைக்குப் போகிறவர் உயரத்தைப் பார்க்கிறார், அறிக்கை எழுதுகிறவர் வேகத்தைப் பார்க்கிறார். தரையிறங்கிவிட்டோம் என்ற அறிவிப்பைக் கேட்டுச் சாளரத்தின் வழியே எட்டிப் பார்த்தவர் முகில்களையே கண்டதால் எழுந்த கசப்பை அன்றைய அமெரிக்க அரசியலில் காண முடிந்தது.

தரை எங்கே இருக்கிறது என்பதிலும் தெளிவில்லை. வேலையின்மை எந்த அளவுக்குக் கீழே போனால் விலைகள் கட்டுமீறும் என்று பொருளியலார் ஓர் எல்லையை மதிப்பிடுவது வழக்கம். 1990களின் நடுவில் அமெரிக்காவுக்கு அது சுமார் 6 விழுக்காடு என்று பலர் நம்பினர். ஆனால் 2000இல் வேலையின்மை 4 விழுக்காட்டை எட்டியபோதும் விலைகள் கட்டுமீறவில்லை. வரைபடம் காட்டிய இடத்துக்கு வெகு கீழே தரை இருந்தது. கோல்டின் புழுதிக் கருத்தைச் சர்வேயரின் கால்கள் தீர்த்துவைத்தன. இங்கே தவறான வரைபடத்தை நம்பி நடந்திருந்தால், கிடைத்திருக்க வேண்டிய வேலை கிடைக்காமல் இலட்சக்கணக்கானோர் வாசலில் நின்றிருப்பார்கள். வரைபடம் தவறு என்பதும் வெளிப்பட்டிருக்காது. மேகம் மூடிய வானத்தில் விண்மீன்களைக் கொண்டு வழி காண்கிறோம் என்று பவலே ஜாக்சன் ஹோல் உரையில் ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதல் நேர்மையானது. ‘மெல்லத் தரையிறங்குதல்’ என்ற சொல் தரும் உறுதியை அது தரவில்லை.

நிலவிலிருந்து குறிகை பூமிக்கு வர சுமார் 1.3 நொடி. அந்தத் தாமதத்துக்கே அஞ்சி, இறுதி முடிவுகளைக் கலமே எடுக்குமாறு வடிவமைக்கிறார்கள். வட்டி உயர்வின் விளைவு பொருளாதாரத்தில் முழுதாகத் தெரிய மாதக்கணக்கில், சில வேளை ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அந்தத் தாமதம் நீண்டது, ஒரே அளவாகவும் இராது என்பது மில்டன் ஃப்ரீட்மன் வலியுறுத்திய கருத்து.

*

இனி நான் முதலில் சொன்ன கால்களின் கணக்குக்கு வருகிறேன்.

பொருளியல் வரலாற்றில் குறைவற்ற மெல்லிறக்கம் என்று பெரும்பாலோர் காட்டும் எடுத்துக்காட்டு 1994–95. ஆலன் கிரீன்ஸ்பன் தலைமையில் ஃபெடரல் ரிசர்வ் 1994 பிப்ரவரிக்கும் 1995 பிப்ரவரிக்கும் இடையே வட்டியை 3 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாக உயர்த்தியது. விலையேற்றம் அடங்கியது, வேலையின்மை பெருகவில்லை, குறையவே செய்தது. பாடநூல்கள் இத்துடன் நிறுத்திக்கொள்கின்றன.

அதே காலத்தில் நடந்த வேறு சிலவும் உண்டு. வட்டி உயராது என்று கடன் வாங்கிப் பந்தயம் கட்டிய கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டி நிர்வாகம் 1994 டிசம்பர் 6 அன்று நொடிப்பை அறிவித்தது. இரு வாரத்தில், டிசம்பர் 20 அன்று, மெக்சிகோ தன் பெசோவின் மதிப்பைக் குறைக்க நேர்ந்தது. சில நாள்களில் நாணயம் கைமீறிச் சரிந்தது. சில மாதங்களில் மதிப்பில் ஏறக்குறையப் பாதியை இழந்தது. 1995இல் மெக்சிகோவின் உற்பத்தி சுமார் 6 விழுக்காடு சுருங்கியது. குறுங்கால வட்டி ஒரு கட்டத்தில் 70 விழுக்காட்டையும் தாண்டியது. வீட்டுக்கும் டிராக்டருக்கும் கடன் வாங்கியிருந்தவர்களின் தவணை மாதாமாதம் ஊதிப் பெருத்தது.

கடனாளிகள் ஓர் இயக்கமாகத் திரண்டார்கள். உழவர்களிடையே சற்று முன்னரே தொடங்கியிருந்த அதன் பெயர் ‘எல் பர்சோன்’. பர்சோன் என்பது ஏர்க்காலை நுகத்தடியோடு பிணைக்கும் வார். பண்ணையாருக்குக் கடன்பட்டு மீளாத உழவனைப் பற்றிய ஒரு மெக்சிகோ நாட்டுப்புறப் பாட்டின் பெயரும் அதுவே. வங்கிக் கடன் பத்திரத்தில் கையெழுத்திட்ட நகரத்து நடுத்தர வகுப்பினரும் அந்தப் பழைய ஏர்வாரின் பெயரைத் தங்களுக்குச் சூட்டிக்கொண்டார்கள். வாஷிங்டனில் ‘தரையிறக்கம்’ என்ற சொல் ஆண்ட அதே ஆண்டில், எல்லைக்குத் தெற்கே நுகத்தடியின் சொல் உயிர்பெற்றது. அவ்வாண்டின் உண்மையான அகராதியில் இரு சொற்களும் அருகருகே இருக்க வேண்டும் என்பேன்.

மெக்சிகோவின் வீழ்ச்சிக்கு அமெரிக்க வட்டி மட்டுமே காரணமன்று. நாணய மதிப்பைச் செயற்கையாகத் தாங்கிப் பிடித்தது, டாலரில் திருப்பித் தர வேண்டிய குறுங்காலக் கடன்கள், 1994இல் நடந்த அரசியல் கொலைகள், சியாபாஸ் கிளர்ச்சி என உள்நாட்டுக் காரணங்கள் பல. ஆனால் அமெரிக்காவில் வட்டி ஏறியபோது முதலீடு அங்கே திரும்பி ஓடத் தொடங்கியதும் அவற்றுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. நான்கு கால்களில் ஒன்று பாறையில் ஊன்றி உடைந்தது. அந்தக் கால் கலத்தின் கால் அன்று என்று சொல்லிவிட்டதால் மெல்லிறக்கம் மெல்லிறக்கமாகவே நின்றது.

ஒரே நாட்டுக்குள்ளும் இக்கதைதான். பால் வோல்க்கரின் கடும் வட்டிக் கொள்கையால் 1982 இறுதியில் அமெரிக்காவின் வேலையின்மை 10.8 விழுக்காடானது. அதை வன்மையான இறக்கம் என்றே எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் அந்த 10.8 என்பதும் சராசரிதான். 1983 ஜனவரியில் கறுப்பின மக்களிடையே வேலையின்மை 21.2 விழுக்காடு. ஒரே கலத்தில் பயணம் செய்தவர்களில் ஒரு பகுதியினருக்கு அடி இருமடங்காக விழுந்தது.

ஃபெடரல் ரிசர்வின் துணைத் தலைவராக இருந்த ஆலன் பிளைண்டர் 1965க்குப் பிந்தைய பதினொரு வட்டி உயர்வுக் காலங்களை ஆராய்ந்து, முழுமையை வற்புறுத்தாமல் வரையறையைச் சற்றுத் தளர்த்தினால் மெல்லிறக்கங்கள் நாம் எண்ணுவதைவிட மிகுதி என்றார். அவர் ஆய்வில் எனக்குக் குறையில்லை. ஆனால் வரையறையை நிகழ்வுக்குப் பின் தளர்த்திக்கொள்ள முடிகிறது என்பதே இரு வீடுகளுக்கும் உள்ள தூரத்தைக் காட்டுகிறது.

விண்வெளியிலும் இச்சொல்லை நீட்டிப் பார்க்கும் ஆசை இல்லாமலில்லை. 2024 பிப்ரவரி 22 அன்று அமெரிக்கத் தனியார் கலமான ஒடிசியஸ் பக்கவாட்டு வேகம் மிகுந்து இறங்கி, கால் உடைந்து சாய்ந்தது. அதையும் மெல்லிறக்கம் என்றே அழைத்தார்கள். ஆனால் மறுநாளே கலம் சாய்ந்து கிடப்பதைச் சொல்ல வேண்டியதாயிற்று. சாய்ந்த கலத்தின் நிலை மின்னாற்றலிலும் குறிகைகளிலும் தெரிந்துவிடும். அதற்கு ஒரு மாதம் முன்பு ஜப்பானின் ஸ்லிம் கலம் குறித்த இடத்தில் துல்லியமாக இறங்கியும் தலைகுப்புறச் சாய்ந்தது. அன்று செய்தியாளர் முன்னிலையில் ஜப்பானிய விண்வெளி அறிவியல் நிறுவனத் தலைவர் ஹிதோஷி குனினாகா தம் பணிக்கு நூற்றுக்கு அறுபது மதிப்பெண் போட்டுக்கொண்டார். விடைத்தாள் திருத்துகிறவன் என்ற முறையில் அந்த அறுபதை மிகவும் மதிக்கிறேன். எந்த நடுவண் வங்கித் தலைவரும் இப்படி மதிப்பெண் போட்டுக்கொண்டதாக நான் படித்ததில்லை.

*

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். வட்டியை உயர்த்தாமல் விட்டால் விலையேற்றம் முதலில் தின்பது ஏழையின் கூலியைத்தானே. கோடிக்கணக்கான மக்களைப் பற்றி முடிவெடுப்பவர் சராசரியைப் பார்க்காமல் வேறென்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2022 பிப்ரவரி முதல் 2024 ஏப்ரல் வரை அமெரிக்காவில் வேலையின்மை 4 விழுக்காட்டுக்குக் கீழேயே இருந்தது. பின்னடைவு வந்தே தீரும் என்று ஆரூடம் சொன்ன பலர் பொய்த்துப்போனார்கள். அது சிறிய சாதனையன்று. வட்டியே கூடாது என்று இக்கட்டுரை வாதாடவில்லை. விமானியைக் கீழே இறக்கிவிட்டுக் கலத்தைத் தானே விழவிடச் சொல்லவுமில்லை.

நான் கேட்பது, சொல்லைக் கடன் வாங்கியவர்கள் அத்துடன் அதன் கடமைகளையும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே. பொறியாளர் கலத்தின் நான்கு கால்களின் அதிர்ச்சியையும் கூட்டி நான்கால் வகுத்து நிம்மதியடைவதில்லை. மூன்று கால்கள் பஞ்சில் ஊன்றினாலும் நான்காம் கால் முறிந்தால் கலம் கவிழும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே எந்தக் கால் மிகுதியாக அடிவாங்கும் என்று கணக்கிட்டு, அதற்குத் தக்க நசுங்கும் பொதியை அங்கே வைக்கிறார். பொருளாதாரத்தில் அந்தப் பொதிக்குச் சமமானவை வேலையிழந்தோர் உதவித்தொகை, கடன் தவணைக்கான அவகாசம், உணவுப் பங்கீடு, நெருக்கடியில் சிக்கும் நாடுகளுக்கு உரிய காலத்தில் கிடைக்கும் கடன் நிவாரணம் ஆகியவை. இவை இருக்குமிடத்தில் நசுங்குவது ஒரு நிதி ஒதுக்கீடு. இவை இல்லாத இடத்தில் நசுங்குவது ஒரு குடும்பம். இரண்டு இடங்களிலும் சராசரி ஒன்றாகவே இருக்கலாம்.

ஆகவே ‘மெல்லத் தரையிறங்கியது’ என்ற தலைப்பை வணிகப் பக்கத்தில் காணும்போது சில கேள்விகளோடு படிப்பது நலம். தரையைத் தொட்டது யார் சொல்லித் தெரிந்தது? வேகம் தணிந்ததா, உயரமும் தணிந்ததா? கலத்தின் கால்கள் என்று எவற்றை எண்ணினார்கள், எவற்றை எண்ணாமல் விட்டார்கள்? நசுங்க வேண்டியதை முன்பே செய்து வைத்திருந்தார்களா, அல்லது அங்கே யார் நின்றார்களோ அவர்கள் நசுங்கினார்களா?

2023 செப்டம்பர் 3 அன்று விக்ரம் கலத்தின் எந்திரங்களை மீண்டும் இயக்கி, அதைச் சுமார் 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு எழுப்பி, சற்றுத் தள்ளி மறுபடியும் இறக்கினார்கள். எஞ்சியிருந்த எரிபொருளைக் கொண்டு செய்த சிறிய துள்ளல் அது. எழுந்தபோதும் ஊன்றியபோதும் கால்கள் நான்கும் முழுமையாக இருந்தன. ஒரு சமூகமும் தரையிறங்கிய பின் மீண்டும் எழ முடிய வேண்டும். அதற்கு அதன் கால்கள் எல்லாமே முறியாமல் இருந்தாக வேண்டும்.